கொடையாளியின் சம்மதம்

கதிரேசனின் மூளையில் ரத்தக் குழாய் வெடித்தது நீதிமன்றத்தில், ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தபோது. "அப்போ நீங்க எங்கே நின்னீங்க?" என்று கேட்டார். சாட்சி பதில் சொன்னான். "அப்போ நீங்க எங்கே நின்னீங்க?" என்று மறுபடியும் கேட்டார். சாட்சி நீதிபதியைப் பார்த்தான். மூன்றாம் முறை கேட்க வாயைத் திறந்தபோது உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஜூனியர்கள் ஓடிவந்து பிடிப்பதற்குள் மேசை விளிம்பில் நெற்றி இடித்துக் கீழே விழுந்துவிட்டார்.

உயிர் பிழைத்தார். மண்டையில் துளை போட்டு ரத்தத்தை வடித்து, தைத்து, கொஞ்ச நாள் வைத்திருந்து உறையூர் வீட்டுக்கு அனுப்பினார்கள். கை கால் விளங்கியது. பேச்சும் இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "அதே பழைய வக்கீல் சார்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்கள். நாள் முழுக்கக் கூட இருந்தவள் அவர் மனைவி சுகந்தி.

சட்டைக்கு மேல் இன்னொரு சட்டையை மாட்டிக்கொண்டு நிற்பார். காபி போடுகிறேன் என்று போய் அடுப்பில் பாலை வைப்பார். உடனே இன்னொரு பாத்திரத்திலும் பாலை ஊற்றி வைப்பார். இரண்டும் பொங்கி வழியும்போது நடுவில் நின்று, எதற்கு வந்தோம் என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். சட்டப் பிரிவுகளை எண்ணோடு ஒப்பிப்பார். ஆனால் ஒரு வாக்கியத்தின் பாதிக்கு வரும்போது அதன் தொடக்கம் தொலைந்துபோயிருக்கும். தொலைந்த கோபத்தில் கையில் இருப்பதை வீசுவார். மாதம் போகப் போகத் தேறும் என்று சுகந்தி காத்திருந்தாள். மாதம் போகப் போகக் குறைந்துகொண்டேதான் வந்தது. கூடவே ஒரு புதுப் பயமும் வந்தது. எந்தக் கதவையும் சாத்தக்கூடாது. குளியலறைக் கதவு காற்றில் சாத்திக்கொண்டால்கூட உள்ளேயிருந்து அலறுவார். பெரிய பெரிய கொலை வழக்கெல்லாம் நடத்திய மனிதர், அவர் குளித்து முடிக்கும்வரை வாசலில் அவள் நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

டாக்டர் ஹபீபா ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். "இங்கே கறுப்பா இருக்கு பாருங்க, ரத்தம் தேங்கின இடம். அது போயிடுச்சும்மா. ஒரு வேலையை அடுக்கிச் செய்யறது, யோசிச்சு முடிவெடுக்கறது, கோபத்தை அடக்கறது, எல்லாம் அங்கேதான். சுத்தியிருக்கிறதும் மெல்ல வாடிட்டு வருது. மருந்தால அதைத் திருப்ப முடியாது."

"வேற வழியே இல்லையா டாக்டர்?"

"இருக்கு. அந்த வேலையை இன்னொரு மூளை செஞ்சு குடுக்கலாம்."

சுகந்திக்கு மருத்துவம் ஒன்றும் புதிதல்ல. கடைவீதியில் சொந்தமாக மருந்துக்கடை வைத்திருப்பவள், படித்த மருந்தாளுநர். மூளைப் பகிர்வைப் பற்றிச் செய்தியில் பார்த்திருந்தாள். அதெல்லாம் மும்பையில் பணக்காரர்களுக்கு என்று நினைத்திருந்தாள்.

"மெஷின் வைக்கிறாங்களே, அது?"

"வைக்கலாம். சரளமாப் பேசுவார். ஆனா அவர் மனசிலிருந்து வர்ற பேச்சா இருக்காது. வச்சவங்க வீட்டில போய்க் கேட்டுப் பாருங்க, ரேடியோகூடக் குடும்பம் நடத்துற மாதிரி இருக்குன்னு சொல்வாங்க. மனுஷ மூளைன்னா அப்படி இல்லை. ஆனா யாரோட மூளையும் பொருந்தாது. ஒரே வீட்டில வருஷக்கணக்காப் பேசி, சண்டை போட்டு, ஒருத்தர் ஆரம்பிச்சதை ஒருத்தர் முடிச்சுப் பழகினவங்களோடதுதான் பொருந்தும்."

"அப்படின்னா புருஷன் பெண்டாட்டி."

"பெரும்பாலும் பெண்டாட்டி" என்றார் ஹபீபா. "புருஷன் குடுத்தது எனக்குத் தெரிஞ்சு ரெண்டே பேர். அதில ஒருத்தர் சீக்கிரமே, இதுக்குன்னு இருக்கிற ஒப்புதல் குழுவுக்குப் போய் நிறுத்திட்டார்."

சிகிச்சை முறையை விளக்கினார். கொடையாளியின் மண்டைக்குள் ஒரு மெல்லிய வலையைப் பொருத்துவார்கள். அது உள்ளேயே இருக்கும். பெறுபவரின் காதுக்குப் பின்னால் பத்துப் பைசா அளவில் ஒரு வில்லை. வில்லையை ஒட்டினால் இணைப்பு, எடுத்தால் இல்லை. காலையில் ஒட்டி மாலையில் எடுத்துவிட வேண்டும். இரவெல்லாம் கொடையாளிக்கு ஓய்வு.

"அப்ப சுவிட்ச் அவர்கிட்டதானா? என்கிட்ட ஒண்ணும் இல்லையா?"

"உங்ககிட்டக் குடுத்தா, ஒரு கோபத்தில நீங்க அணைச்சிடலாம். அந்த நேரம் அவர் வண்டி ஓட்டிட்டிருப்பார். அதனாலதான் சட்டம் அப்படி."

"எனக்கு என்ன ஆகும்?"

டாக்டர் திரையை அணைத்தார். "இணைப்பில இருக்கும்போது மந்தமா இருக்கும். பஸ்ஸில ஜன்னலோரம் தூங்கி வழியற மாதிரி. பழகின வேலையெல்லாம் செய்யலாம். எடுத்ததும் சரியாயிடும்."

கதிரேசனின் அக்கா லோசனா பக்கத்துத் தெருவில் இருந்தாள். சுகந்தி மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வந்துவிட்டாள். "நான் குடுக்கலாம்னுதான் டாக்டர்கிட்டப் போன்ல கேட்டேன் சுகந்தி. எனக்குப் பொருந்தாதாம், வயசாயிடுச்சாம். உன்னோடதுதான் பொருந்துமாம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வற்புறுத்தவில்லை. தம்பியின் தலையைத் தடவிக்கொண்டு, சுகந்தியைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

பகிர்வு ஒப்புதல் குழு கலெக்டர் அலுவலக வளாகத்தில் இருந்தது. "யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றாள் சுகந்தி. அது பொய்யில்லை. புனேயில் வேலை பார்க்கும் மகள் போனில் வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஆனால் குளியலறை வாசலில் நின்று பேசிக்கொண்டே இருந்த அந்த ஒரு வருடம் சுகந்திக்குப் போதுமாக இருந்தது.

வலையைப் பொருத்தி முடித்து, இணைப்பின் முதல் நாள் காலை வில்லையை ஒட்டியதும் கதிரேசன் சுற்றும் முற்றும் பார்த்தார். மேலே போட்டிருந்த இரண்டாவது சட்டையை மெதுவாகக் கழற்றி, மடித்து, நாற்காலியில் வைத்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "கண்ணுக்குக் கீழே என்ன இப்படிக் கருவளையம்? தூங்கவே இல்லையா நீ?" என்றார்.

இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் அவர் கேட்காத கேள்வி அது. சுகந்திக்கு அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் அழுகை எங்கோ தூரத்தில் இருந்தது. அதற்குள் அவர் கண்தான் நிறைந்துவிட்டது.

அதன்பிறகு கதிரேசன் நீதிமன்றத்துக்குத் திரும்பினார். முன்பு சத்தம் போட்டு ஜெயிப்பவர் என்று பெயர். இப்போது சாட்சி பேசி முடிக்கும்வரை காத்திருந்தார். கட்சிக்காரரோடு வந்த கிழவிக்கு நாற்காலி போடச் சொன்னார். சொத்துக்காக அடித்துக்கொண்ட அண்ணன் தம்பிகளை உட்காரவைத்துப் பேசியே சேர்த்துவைத்தார். மருந்துக்கடையில் வாடிக்கையாளர்களிடம் சுகந்தி இருபது வருடமாக எப்படிப் பேசினாளோ அப்படி. "செத்துப் பிழைச்சு வந்ததில மனுஷர் தங்கமாயிட்டார்" என்று வக்கீல்கள் பேசிக்கொண்டார்கள். லோசனா குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தாள்.

சுகந்தியின் பகல்கள் டாக்டர் சொன்னபடியே போயின. கடையில் நிற்பாள், சீட்டை வாங்குவாள், மருந்தை எடுப்பாள், சில்லறை கொடுப்பாள். மாலையில் அவர் வில்லையை எடுத்ததும் காதடைப்பு நீங்கியதுபோல உலகம் உள்ளே வரும். அப்போது தெரு விளக்கு, ஆட்டோ சத்தம், பக்கத்துக் கடைப் பஜ்ஜி வாசனை எல்லாம் ஒன்றாக வந்து முட்டும். அந்த நேரத்துக்காகவே அவள் காத்திருப்பாள். அந்த நேரத்தில் கதிரேசனோ பழையபடி ஆகிவிடுவார். கதவைத் திறந்து வை, திறந்து வை என்று பின்னாலேயே வருவார்.

இரண்டாம் வருடத்தில் ஒரு மாலை, சமைக்கலாம் என்று குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள். கத்தரிக்காய் இருந்தது, தக்காளி இருந்தது, முந்தினநாள் ஊறவைத்த புளி இருந்தது. எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. பெட்டி கீச் கீச்சென்று கத்தத் தொடங்கியபிறகும் நின்றுகொண்டே இருந்தாள். வில்லை எடுத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

இன்னொரு நாள் பட்டப்பகலில், கடையின் பின்னறையில் மருந்துப் பெட்டி எடுக்கப் போனபோது கதவு சாத்திக்கொண்டது. அவ்வளவுதான். அலறிவிட்டாள். கடைப்பெண் ஓடிவந்து திறந்து, "என்னக்கா, பல்லியா?" என்று கேட்டாள். சுகந்திக்கு வியர்த்துக் கொட்டியிருந்தது. கதவுக்குப் பயப்படுகிறவள் அல்ல அவள். அது யாருடைய பயம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஒரு வழியைத் திறந்தா ரெண்டு பக்கமும் கொஞ்சம் கசியத்தானே செய்யும்?" என்றார் டாக்டர் ஹபீபா, கண்ணைப் பார்க்காமல். "உங்ககிட்ட இருந்து அவருக்கு யோசனை போகுது. அவர்கிட்ட மிச்சம் இருக்கிறது உங்களுக்கு வருது."

"சாயங்காலம் எடுத்தப்புறமும் திரும்பி வரலையே டாக்டர்?"

"குடுத்த இடம் அவர் வேலைக்கே பழகிப்போகும்னு இப்பத்தான் ஆராய்ச்சியில சொல்றாங்க. உங்களுக்குச் சொல்றதுக்கு எனக்கே அப்பத் தெரியாதும்மா."

"அவருக்கு ரத்தம் கசிஞ்சு போனது எனக்குக் கசியாமலே போகுது. அதுதானே?"

"அதுதான்" என்றார் டாக்டர்.

கடைசியாக அந்தப் பெரியவர் விஷயம் நடந்தது. இதயத்தில் வால்வு மாற்றியவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். வருடக்கணக்காகச் சுகந்தியிடம்தான் வாங்குவார். சின்ன அளவு மாத்திரை கேட்டுச் சீட்டு நீட்டினார். அவள் பெரிய அளவை எடுத்துக் கொடுத்தாள். நிறமே வேறு. இருட்டில் தடவினால்கூடச் சரியாக எடுக்கும் கை அவளுடையது. சில நாள் கழித்து அவர் மருமகள் வந்தாள். "பல்லு தேய்க்கும்போது ரத்தம் நிக்கவே இல்லைக்கா. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். மாத்திரை அட்டையைப் பார்த்துட்டு டாக்டர் திட்றாரு" என்று அட்டையை மேசையில் வைத்தாள். சண்டை போடவில்லை. அவளுக்குச் சுகந்தியைப் பிடிக்கும்.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ரத்தம் ஈறில் கசியாமல் தலைக்குள் கசிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சுகந்திக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அன்று மாலை கடையைச் சாத்தி, சாவியைக் கடைப்பெண்ணிடம் கொடுத்தாள். வீட்டுக்கு நடந்து வரும்போதே முடிவு செய்துவிட்டாள். இதை நிறுத்த வேண்டும்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை வில்லையை ஒட்டிக்கொண்ட கதிரேசன் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"இதை நிறுத்தணும் சுகந்தி."

அவள் டம்ளரை எடுக்கக் கை நீட்டினாள்.

"நேத்து நீ நினைச்சது எனக்குள்ள வந்து உட்கார்ந்திருக்கு. முதல்ல என் யோசனைன்னுதான் நினைச்சேன். அப்புறம் பார்த்தா, எனக்கு இவ்வளவு நல்லா யோசிக்க வராது." அவர் சிரிக்க முயன்றார். "நானே வில்லையைக் கழட்டிக் குப்பையில போட்டுடலாம். ஆனா கழட்டினதும் இங்கே இருக்கப் போறவன் வேற ஆள். அவன் குப்பையைக் கிளறி எடுத்து மாட்டிக்குவான். இல்லைன்னா ஆஸ்பத்திரிக்குப் போய் அழுது வேற ஒண்ணு வாங்கிட்டு வருவான். குழு ரத்து பண்ணினாத்தான் உண்டு."

அன்று பகலிலேயே மனுப் போட்டார். மாலையில் வில்லையை எடுத்ததும் அவருக்கே அது நினைவு வந்துவிட்டது. சுகந்தியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரல் பதிந்து சிவந்தது.

"நான் என்னமோ பண்ணிட்டேன். கோர்ட்டில என்னமோ குடுத்துட்டேன். என்னை அங்கே தள்ளிடாத. நான் சொன்னா கேக்காத, சுகந்தி. பகல்ல நான் சொன்னா கேக்காத."

"நீங்கதானேங்க சொன்னீங்க?"

"அது நான் இல்லை!" என்று கத்தினார்.

அவள் அந்தக் கையை விலக்கவில்லை. அந்த நிமிடம் அவள் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. தெளிவாக இருந்ததால்தான் வலித்தது. நிறுத்தினால் இந்த மனிதரோடுதான் மிச்ச வாழ்நாள். பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம், பார்த்துக்கொள்ள எனக்கு என் தலை வேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

லோசனா வந்தாள். இந்த முறை கண்ணைத் துடைக்கவில்லை. "மனுஷனா நடமாடிட்டிருக்கான். ஊரே கையெடுத்துக் கும்பிடுது. நீ கடையில மருந்தை மாத்திக் குடுத்ததுக்கு என் தம்பி தலையில கை வைக்கிறியா?"

"மனுப் போட்டது அவர்தான் அண்ணி."

"அவன் உன் மேல இருக்கிற பாசத்தில சொல்றான். அதுக்காக நீ சரின்னுடுவியா?"

குழுவின் தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி, அமலோற்பவம் என்று பெயர். கனிவான முகம். பக்கத்தில் ஒரு மருத்துவரும் ஒரு சமூகநல அதிகாரியும் இருந்தார்கள். காலை நேரம். கதிரேசன் கறுப்புக் கோட்டு போட்டிருந்தார், காதுக்குப் பின்னால் வில்லை. சுகந்தி அவருக்குப் பக்கத்து நாற்காலியில். நேற்று மாலை முழுக்க அவள் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்திருந்தாள். என்னால் முடியவில்லை, நிறுத்துங்கள். இப்போது அந்த வாக்கியத்தைத் தேடினாள். தடவிப் பார்த்த இடமெல்லாம் பஞ்சாக இருந்தது.

கதிரேசன் எழுந்தார். ஒரு குறிப்பும் இல்லாமல் பேசினார். மனைவியின் கடையைப் பற்றி, அந்தப் பெரியவரைப் பற்றி, குளிர்சாதனப் பெட்டி முன்னால் அவள் நின்ற நிலையைப் பற்றி. "நான் நல்லா இருக்கேன்னு எல்லாரும் சொல்றாங்க. நல்லா இருக்கிறது நான் இல்லை அம்மா. இவ. இவ இங்கே இல்லாம அங்கே இருக்கா, அவ்வளவுதான்." சமூகநல அதிகாரி மூக்கை உறிஞ்சினார்.

"பெறுநர் மட்டும் கேட்டு நாங்க நிறுத்த முடியாது சார்" என்றார் தலைவி. "வக்கீலான உங்களுக்குத் தெரியும். அது தற்கொலைக்கு அனுமதி குடுக்கிற மாதிரி. கொடையாளி சொல்லணும்."

"சொல்லுவா. ஆனா இணைப்பு இல்லாம இருக்கும்போது கேளுங்க. நான் வில்லையைக் கழட்டறேன். அப்போ கேளுங்க."

"நீங்க சுயபுத்தியோட கேட்டுட்டிருக்கும்போது சொன்னாத்தான் அது செல்லும். உங்க வாழ்க்கையைப் பத்தின முடிவு. தனித்தனியாக் கேட்ட காலத்தில என்னென்ன மிரட்டல் நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். எழுதி வாங்கினதும் அப்படித்தான், சொந்தக்காரங்க எழுதிக் குடுத்தாங்க. அது போக, இப்பக் கழட்டினா நீங்களே என்ன சொல்வீங்க?"

கதிரேசனின் கை காதுக்குப் பின்னால் போய், வில்லையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

"மனுவைத் திரும்பத் தாங்கன்னு சொல்வீங்க. இல்லையா? அதோட உங்க மனு போயிடும்." தலைவி சுகந்தியின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. பயப்பட வேண்டாம். உங்க வார்த்தைதான் கடைசி. நிறுத்தலாமா?"

ஏசி வீணாகிறது என்று கடைநிலை ஊழியர் அறைக் கதவைச் சாத்தினார்.

சுகந்திக்குள் அந்தக் கதவுப் பயம் எழுந்தது. சாத்திய கதவு, இருட்டு, பாதியில் அறுந்து தொங்கும் பேச்சு, யாரும் வராத குளியலறை. நிறுத்திவிட்டால் அங்கே போய்விடுவோம். போனால் திரும்ப முடியாது. அந்தப் பயத்துக்கு முன்னால் வேறு எதுவும் நிற்கவில்லை. வேறு எதுவும் அவளிடம் அப்போது இல்லை.

"வேண்டாம்மா" என்றாள். கையைக் கூப்பினாள். "நிறுத்தாதீங்க. கும்பிட்டுக் கேக்கறேன். நிறுத்திடாதீங்க."

"உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

"இருக்கட்டும். நிறுத்த மட்டும் வேண்டாம்."

"சுகந்தி!" என்றார் கதிரேசன். தலைவியிடம் திரும்பினார். "அம்மா, இது அவ பேசலை. என் பயம் பேசுது. நான் பேசினதுதான் அவ பேச்சு. புரியுதா உங்களுக்கு? இடம் மாறியிருக்கு!"

மருத்துவ உறுப்பினர் பேனாவை மூடினார். "கசிவு கொஞ்சம் இருக்கும் சார். ஆனா அம்மா சொன்னதில எனக்கு அசாதாரணமா ஒண்ணும் படலை. இந்த நாற்காலியில உட்கார்ந்த எல்லா மனைவிமாரும் இதையேதான் சொல்லியிருக்காங்க."

"கும்பிட்டுத்தான் சொல்லியிருக்காங்க" என்றார் சமூகநல அதிகாரி.

தலைவி கதிரேசனைப் பரிவோடு பார்த்தார். "சார், நானும் முப்பது வருஷம் வாதம் கேட்டவ. இவ்வளவு நேர்த்தியா வாதாடற ஒருத்தரோட புத்தியைப் பறிக்கணும்னு எந்தக் குழு கையெழுத்துப் போடும்? வீட்டுக்குப் போய் அவங்களை நல்லாப் பார்த்துக்கோங்க." இணைப்பு தொடரலாம் என்று உத்தரவு எழுதினார்.

வெளியே நடைக்கூடத்தில் அடுத்த மனுதாரர்கள் காத்திருந்தார்கள். முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண். அவள் கணவன் தன் சட்டைப் பித்தான்களை அவிழ்ப்பதும் போடுவதுமாக இருந்தான். அவன் தலையில் அறுவைத் தழும்பில் இன்னும் முடி முளைக்கவில்லை. அந்தப் பெண் சுகந்தியின் கையைத் தொட்டாள்.

"அக்கா, சாருக்குத்தான் நீங்க குடுத்திருக்கீங்களா? ஒண்ணும் ஆகாதில்லக்கா?"

சுகந்தி அவளைப் பார்த்தாள். பதில் சொல்ல வேண்டிய கேள்வி என்று தெரிந்தது.

கதிரேசன் அந்தப் பெண்ணுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தார். "குடுக்காதேம்மா. நான் சொல்றதைக் கவனமாக் கேளு. இவங்க மாவட்டத்திலேயே கெட்டிக்கார மருந்தாளுநரா இருந்தவங்க. இப்பப் பேரைக் கேட்டா யோசிச்சுச் சொல்றாங்க. உள்ளே போனா உன்னைச் சம்மதமான்னு கேட்பாங்க. இப்பச் சொல்ற சம்மதம் உன்னோடது. இனிமே சொல்லப் போறது எதுவும் உன்னோடதா இருக்காது. உன் புருஷனை நீ இப்படியே பார்த்துக்க முடியும். கஷ்டம்தான். ஆனா பார்த்துக்கிறது நீயா இருப்பே. எழுந்து வீட்டுக்குப் போ."

அந்தப் பெண் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிந்தது. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கணவனின் தோளை உலுக்கினாள்.

"பாத்தீங்களா மாமா? சார் எவ்வளவு தெளிவாப் பேசறாரு! நீங்களும் இப்படிப் பேசுவீங்க."

உள்ளேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் கணவனைக் கைத்தாங்கலாக எழுப்பிக்கொண்டு, கதிரேசனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனாள்.

கதிரேசன் உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. பேசப் பேச அவளை உள்ளே தள்ளியது தன் பேச்சுதான் என்பது அவருக்கு உறைத்தது. காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் வில்லையைப் பிய்த்தார்.

சில நொடிகளில் சுகந்திக்கு நடைக்கூடம் தெரிந்தது. சுவரில் பச்சைப் பெயின்ட், மின்விசிறிச் சத்தம், யாரோ கொட்டிய டீ. அறைக்குள் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்பது முழுசாக நினைவுக்கு வந்தது. கும்பிட்ட கை தன் கைதான் என்பதும் வந்தது. அழ நேரமில்லை. அந்தப் பெண் உள்ளே இருக்கிறாள். இன்னும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாள். தன் வாயால், தன் புத்தியோடு, இரண்டு வார்த்தை சொன்னால் போதும். சுகந்தி விறுவிறுவென்று நடந்து கதவின் கைப்பிடியைப் பிடித்தாள்.

பின்னால் கதிரேசன் சிணுங்கத் தொடங்கியிருந்தார். தெரியாத இடம், நீளமான கூடம், வரிசையாகச் சாத்திய கதவுகள். "சுகந்தி, எங்கே போறே? என்னை விட்டுட்டு எங்கே போறே?" என்று தன் உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தார். அதில் வில்லை இருந்தது. அவசர அவசரமாகக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார்.

கதவைத் திறந்து எட்டிப்பார்த்த ஊழியர், "என்னம்மா, ஏதாவது விட்டுட்டீங்களா?" என்று கேட்டார்.

சுகந்தி கைப்பிடியைப் பிடித்தபடி யோசித்தாள். ஊழியர் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஒண்ணுமில்லைங்க" என்றாள்.